நடையில் உயிர் வர: நிறுத்தாமல் எழுதிப் பழகுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவிழாவில் நடந்த சண்டையை நண்பரிடம் ஃபோனில் சொல்லும்போது யாரும் திணறுவதில்லை. யார் முதலில் கையை ஓங்கினார், யார் வேட்டியை மடித்துக் கட்டினார், பந்தல்காரர் எதற்கு நடுவில் புகுந்து அடி வாங்கினார், எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழும். அதே ஆள் எழுத உட்கார்ந்ததும், ‘கடந்த வாரம் எங்கள் ஊரில் நடைபெற்ற திருவிழாவின்போது விரும்பத்தகாத சம்பவம் ஒன்று நிகழ்ந்தது’ என்று ஆரம்பிக்கிறார். பந்தல்காரர் காணாமல் போய்விடுகிறார்.

ஃபோனில் பேசியவருக்கும் எழுதியவருக்கும் தெரிந்த சொற்கள் ஒன்றுதான். எழுதும்போது மட்டும் வாக்கியம் முழுசாகப் பிறப்பதற்குள் அதைத் திருத்த ஆரம்பித்துவிடுகிறோம். ‘இந்தச் சொல்லை எழுதலாமா’, ‘இங்கே ஒற்று மிகுமா’, ‘படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்று தலைக்குள் கேள்விகள் வரிசை கட்டுகின்றன. அத்தனைக்கும் பதில் சொல்லித் தப்பி வரும் வாக்கியத்தில் யாருடைய குரலும் மிஞ்சுவதில்லை. அந்தக் கேள்விகளைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவைக்கும் பயிற்சிதான் ஃப்ரீரைட்டிங். குறித்த நேரத்துக்கு, கையை எடுக்காமல், எழுதியதை அடித்துத் திருத்தாமல், திரும்பிப் படிக்காமல், வருவதை வந்தபடி எழுதுவது.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்க எழுத்தாளர் டோரதியா பிராண்ட் 1934இலேயே, எழுத விரும்புகிறவர்கள் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னால் எழுந்து, யாரிடமும் பேசாமல், பேப்பரைப் பிரிக்காமல், மனதில் இருப்பதை எழுத வேண்டும் என்று சொன்னார். 1960களில் கென் மெக்ரோரி என்ற பேராசிரியர், மாணவர்களின் கட்டுரைகளில் இருந்த செத்த மொழியைப் பார்த்து வெறுத்துப்போய், தோன்றியதை நிறுத்தாமல் எழுதி வாருங்கள் என்று அவர்களை அனுப்பினார். இதையெல்லாம் ஒரு முறையாகத் திரட்டிப் பரவலாக்கியவர் பீட்டர் எல்போ. எழுத முடியாமல் திணறி ஆய்வுப் படிப்பையே ஒருமுறை பாதியில் விட்டவர் அவர். 1973இல் வெளியான அவருடைய முதல் புத்தகம், உருவாக்குவதும் திருத்துவதும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் இரண்டு வேலைகள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள் என்று வாதிட்டது. இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை அந்த ஒரு வாதம்தான். ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு முடிச்சு இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கருவிகள்

நோட்டும் பேனாவும் போதும். நல்ல நோட்டு வாங்காதீர்கள். அழகான அட்டை போட்ட நோட்டில் அசிங்கமாக எழுத மனசு வராது. கோடு போட்ட சாதா நோட்டோ, ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களோ இதற்குப் பொருத்தம்.

ஃபோனிலோ கணினியிலோ எழுதுவதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். கீபோர்டுக்கு மேலே சொற்களைப் பரிந்துரைக்கும் பட்டையை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு சொல்லுக்கும் உங்களை நிறுத்தி, ‘இதுவா, அதுவா’ என்று கேட்கிறது. தலைக்குள் கேள்வி கேட்கிறவர் என்று நாம் வெளியே நிறுத்திவைத்த எடிட்டர் அந்த வழியாக உள்ளே வந்துவிடுவார். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சரியாக மாறியதா என்று பார்க்காமல் இருக்க முடியாது. தமிழ் எழுத்துகளை நேரடியாகவே தட்டும் தமிழ்99 விசைப்பலகை கை பழகியவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். கணினித் திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, என்ன எழுதுகிறோம் என்பதே தெரியாமல் தட்டுவது இன்னொரு நல்ல வழி. பார்க்க முடியாததைத் திருத்த முடியாது அல்லவா?

குரல்வழித் தட்டச்சையும் சிலர் விரும்புகிறார்கள். பயன்தான். ஆனால் நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். கை பேச்சைவிட மெதுவாகப் போவதால், அடுத்த சொல் வருவதற்குள் மனதில் ஒரு காட்சி வந்து உட்கார்ந்துவிடுகிறது. வாயால் கொட்டும்போது அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

பத்து நிமிடம், மூன்று விதிகள்

டைமரைப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். நிறுத்தாதீர்கள், அடிக்காதீர்கள், மேலே போய்ப் படிக்காதீர்கள். அவ்வளவுதான்.

எழுத ஒன்றுமே வரவில்லை என்றால் ‘எழுத ஒன்றுமே வரவில்லை’ என்று எழுதுங்கள். அல்லது கடைசியாக எழுதிய சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுங்கள். கை ஓட வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. எழுத்துப்பிழை வரும், ண-ன குழம்பும், ஒற்று விட்டுப்போகும், வாக்கியம் முடியாமலே அடுத்தது தொடங்கும். வரட்டும். ஒரு சொல்லுக்குத் தமிழ் உடனே வரவில்லையா, ஆங்கிலச் சொல்லையே போட்டுவிட்டு ஓடுங்கள்.

பெரும்பாலும் முதல் சில நிமிடங்கள் வெறும் குப்பைதான் வரும். மின்சார பில், முதுகு வலி, பக்கத்து வீட்டு மிக்சி சத்தம். அப்புறம் ஒரு சலிப்பு தட்டும், போதும் எழுந்துவிடலாம் என்று இருக்கும். எழுந்துவிடாதீர்கள். எதிர்பாராத வாக்கியங்கள் வருவது பெரும்பாலும் அந்தச் சலிப்பைத் தாண்டிய பிறகுதான். தயாராக வைத்திருந்த சொற்றொடர்கள் எல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். வேறு வழியில்லாமல் உண்மையில் பார்த்ததும் கேட்டதும் வெளியே வரும்.

வாரத்துக்கு மூன்று முறையாவது எழுதச் சொன்னார் எல்போ. அது நியாயமான அளவு. முடிந்தவர்கள் தினமும் எழுதலாம். விடிகாலையா இரவா என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் விடிகாலையில் அமைதியைத் தேடுவது வீண் வேலை.

எதைப் பற்றி எழுதுவது

எதுவுமே இல்லாமல் தொடங்கலாம். ஆனால் நடையை உயிர்ப்பிப்பதுதான் நோக்கம் என்றால் கையில் ஒரு சின்ன பொருளோடு தொடங்குவது நல்லது. சின்னது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘அம்மா’, ‘மழை’, ‘சொந்த ஊர்’ போன்ற தலைப்புகளோடு உட்கார்ந்தால், பத்து நிமிடமும் ஏற்கெனவே யாரோ எழுதியதைத்தான் எழுதிக்கொண்டிருப்போம். அந்தச் சொற்களைச் சுற்றி அவ்வளவு வாசகங்கள் சேர்ந்து கிடக்கின்றன. ‘அம்மா’ வேண்டாம், அம்மா அஞ்சறைப்பெட்டிக்குள் ஒளித்துவைத்த சில்லறை போதும். ‘மழை’ வேண்டாம், ஒழுகும் இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைப்பார்கள் என்பது போதும். அப்பாவின் சைக்கிள் கேரியர், டைப்ரைட்டிங் வகுப்பு மாடிப்படி, கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரின் பேனா. இவற்றைப் பற்றி நமக்கு எந்த வாசகமும் மனப்பாடம் இல்லை. பார்த்தது மட்டும்தான் இருக்கிறது.

தமிழில் உள்ள முடிச்சு

இப்போது அந்தக் கூடுதல் முடிச்சுக்கு வருவோம். நாம் ஒரு தமிழில் பேசுகிறோம், இன்னொரு தமிழில் எழுதுகிறோம். ‘வந்துட்டான்’ என்று நினைத்து ‘வந்துவிட்டான்’ என்று எழுதுகிறோம். இந்த மாற்றம் பழக்கத்தில் தானாக நடப்பதால் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வினைமுற்றிலும் ஒரு சின்ன சுங்கச்சாவடி இருக்கிறது. விகுதி மட்டும் மாறினால் நஷ்டமில்லை. மாற்றும் சாக்கில் சொல்லையே மாற்றிவிடுகிறோம். ‘அடி வாங்கினான்’ என்று மனதில் வந்தது தாளில் ‘தாக்கப்பட்டான்’ ஆகிறது. ‘கடைய மூடிட்டாங்க’ என்பது ‘கடைகள் அடைக்கப்பட்டிருந்தன’ ஆகிறது. யார் அடித்தது, யார் மூடியது என்பதும் அதோடு போய்விடுகிறது.

அதனால் என் பரிந்துரை இதுதான்: பத்து நிமிட எழுத்தைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். பத்திரிகைப் பேச்சுத் தமிழும் வேண்டாம். நெல்லையோ கோவையோ மதுரையோ யாழ்ப்பாணமோ, வீட்டில் பேசும் தமிழ். உங்கள் பாட்டி சொல்லும் சொல் அகராதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். கரிசல் காட்டுப் பேச்சைக் கதைமொழியாக்கிய கி.ராஜநாராயணன் அந்தச் சொற்களுக்கென்று ஓர் அகராதியே தொகுத்தார். அகராதியில் இல்லாத சொல் மட்டமான சொல் என்ற எண்ணம் அப்படிப்பட்டவர்களின் உழைப்பால்தான் உடைந்தது. எல்போவும் 2012இல் வெளியிட்ட புத்தகத்தில், பேச்சுமொழி எழுத்துக்கு எவ்வளவு தர முடியும் என்பதைத்தான் விரிவாக எழுதினார். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அது கூடுதலாகப் பொருந்தும். நமக்குப் பேச்சுக்கும் எழுத்துக்கும் தூரம் அதிகம்.

இதனால் முடிவில் எல்லாவற்றையும் பேச்சு வழக்கிலேயே வெளியிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்துத் தமிழுக்கு மாற்றலாம், பெரும்பாலான கட்டுரைகளுக்கு மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது இரண்டாவது வேலை, வேறொரு நாளில் செய்ய வேண்டியது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது பற்றி ஒருவர் எழுதுகிறார். நேரடியாகக் கட்டுரையாக எழுதினால் இப்படி வரும்:

‘கோடைக்காலங்களில் எங்கள் பகுதியில் கடும் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவியது. லாரிகள் மூலம் தண்ணீர் விநியோகிக்கப்பட்டது. பெண்கள் நீண்ட வரிசையில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அவலநிலை காணப்பட்டது.’

பிழை ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், அதுதான் குறை. இனி ‘குடம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நிறுத்தாமல் எழுதினால்:

‘குடம் குடம் என்ன எழுதறது தெரியல சரி லாரி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது ஆனா குடம் மட்டும் விடியறப்பவே வரிசைல நிக்கும் ஆளு இருக்காது குடம்தான் நிக்கும் பச்ச குடம் எங்களுது வாய்ல ஒரு வெட்டு அம்மா அடையாளத்துக்கு செவப்பு நெயில் பாலிஷ்ல கோடு போட்டு வச்சிருந்தா எதிர் வீட்டு அக்காவும் செவப்புலயே போட்டாங்க அதுக்கு ஒரு சண்ட என்ன எழுதறது என்ன எழுதறது லாரி சத்தம் கேட்டா அம்மா அடுப்பகூட அணைக்க மாட்டா பால பாத்துக்கடின்னுட்டு ஓடுவா நான் பால பாக்க மாட்டேன் ஜன்னல்ல ஏறி அம்மாவ பாப்பேன் தெனமும் பால் பொங்கிரும்’

ஆறவிட்டு, சத்தமாகப் படியுங்கள்

எழுதிய உடனே படிக்காதீர்கள். குறைந்தது ஒரு நாள் போகட்டும். உடனே படித்தால் ஒன்று வெட்கமாக இருக்கும், இல்லாவிட்டால் எல்லாமே பிரமாதமாகத் தெரியும். இரண்டும் உதவாது.

பிறகு வாய்விட்டுப் படியுங்கள், கையில் பென்சிலோடு. எந்த இடத்தில் உங்கள் குரல் தானாக வேகம் பிடிக்கிறதோ, எந்த இடத்தைப் படிக்கும்போது ‘இதை நானா எழுதினேன்’ என்று தோன்றுகிறதோ அங்கே கோடு போடுங்கள். யாரும் கற்பனையில் உண்டாக்க முடியாத விவரங்கள், அந்த நெயில் பாலிஷ் மாதிரி, அவற்றுக்கும் கோடு. மற்றதை விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வரி தேறினால் நல்ல அறுவடை. ஒன்றும் தேறாத பக்கங்களும் நிறைய இருக்கும். அதற்காக வருந்த வேண்டியதில்லை, கை அன்றைக்கு ஓடியிருக்கிறது.

கோடு போட்டவற்றில் மையமான ஒரு வரி இருக்கும். அடுத்த முறை டைமர் வைக்கும்போது அந்த வரியிலிருந்து தொடங்குங்கள். மேலே உள்ள பத்தியில் எனக்கு அது ‘நான் பால பாக்க மாட்டேன், ஜன்னல்ல ஏறி அம்மாவ பாப்பேன்’ என்பதுதான். தண்ணீர்ப் பஞ்சத்தில் தொடங்கியவருக்கு, எழுத வேண்டியது ஜன்னலில் ஏறிய அந்தச் சிறுமியைப் பற்றி என்று இங்கேதான் தெரிகிறது. இப்படி மூன்று சுற்று போனால் பல கட்டுரைகளுக்குக் கரு தானாகக் கிடைத்துவிடும். சுற்று ஒவ்வொன்றும் முடிந்ததும், ‘இதில் சொல்ல வருவது என்ன’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். எங்கே போகிறோம் என்பது பிடிபடும்.

எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். உயிரோடு வந்ததை இங்கே கொன்றுவிடுவது எளிது. மேலே உள்ளதை நான் இப்படி மாற்றுவேன்:

‘லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விடியும்போதே குடங்கள் வரிசையில் நிற்கும். ஆள் இருக்காது, குடம்தான் நிற்கும். எங்களுடையது பச்சைக் குடம், வாயில் ஒரு வெட்டு. அடையாளத்துக்கு அம்மா சிவப்பு நெயில் பாலிஷில் கோடு போட்டு வைத்திருந்தாள். எதிர் வீட்டு அக்காவும் சிவப்பிலேயே போட, அதற்கு ஒரு சண்டை. லாரிச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பைக்கூட அணைக்க மாட்டாள். “பாலைப் பாத்துக்கடி” என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள். நான் பாலைப் பார்க்க மாட்டேன். ஜன்னலில் ஏறி அம்மாவைப் பார்ப்பேன். தினமும் பால் பொங்கிவிடும்.’

என்ன மாறியிருக்கிறது? விகுதிகள் மாறின, ஒற்றுகள் வந்தன, முற்றுப்புள்ளிகள் வந்தன, ‘என்ன எழுதறது’ போனது. வினைச்சொல் ஒன்றுகூட மாறவில்லை. நிற்கும், ஓடுவாள், பார்ப்பேன், பொங்கிவிடும், எல்லாம் அப்படியே. சொன்ன வரிசையும் பெரிதாக மாறவில்லை. ‘அவலநிலை’ போன்ற முடிவு சொல்லும் சொல் எதையும் சேர்க்கவில்லை. அம்மா பேசியது மட்டும் பேச்சிலேயே நிற்கிறது.

மாற்றும்போது சில சொற்கள் தலைகாட்டினால் உஷாராகிவிடுங்கள்: நடைபெற்றது, நிலவியது, காணப்பட்டது, மேற்கொள்ளப்பட்டது, குறிப்பிடத்தக்கது. இவை வரும்போது உங்கள் கை பழைய கட்டுரை நோட்டுக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, வினையெச்சங்களைச் சங்கிலியாகக் கோப்பது. எழுந்து, குளித்து, கிளம்பி, பஸ் ஏறி, இறங்கி, நடந்து என்று ஒரே வாக்கியத்தில் ஆளை இழுத்துக்கொண்டே போவோம். பேச்சில் அப்படிப் போவதில்லை. நடுவில் மூச்சு விடுகிறோம். நகைச்சுவையோ அழுத்தமோ வேண்டிய இடத்தில் வினைமுற்றை முன்னால் போட்டுவிட்டு மிச்சத்தைப் பின்னால் தொங்கவிடுகிறோம்: ‘வந்தான் பாரு, கையில ஒரு பையோட.’ எழுத்திலும் எப்போதாவது அதற்கு இடம் கொடுங்கள். ‘வந்தான், கையில் ஒரு பையோடு’ என்பது இலக்கணப் பிழை இல்லை.

எதற்கு உதவாது

தகவல்களைச் சரிபார்க்க, வாதத்தை வரிசைப்படுத்த இது உதவாது. அவற்றுக்கு நிதானமான மூளை வேண்டும், அதற்கான வேலை திருத்தும் நாளில் இருக்கிறது. பத்து நிமிட எழுத்தை அப்படியே வெளியிடுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். அதில் சக்தி இருக்கும், ஆனால் படிப்பவர்மீது அக்கறை இருக்காது.

வலிக்கும் விஷயங்கள் கிளம்பி வரலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவியும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவங்களை எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை முன்பைவிட வாட்டமாகத்தான் இருந்தது. நோக்கம் நடைதான் என்றால் அந்த இடத்துக்குள் போயே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கை நடுங்கினால் தலைப்பை மாற்றிக்கொண்டு வேறு பொருளைப் பற்றி எழுதுங்கள். நோட்டு உங்களுடையது. வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், எழுதியதும் தேறிய வரிகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கிழித்துவிடலாம்.

கதை எழுதுகிறவர்களுக்கும் குழுவாக எழுதுகிறவர்களுக்கும்

கதாபாத்திரங்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்ற குறை உங்கள் கதையில் இருந்தால், பத்து நிமிடம் அந்தப் பாத்திரமாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். கதைக்குத் தேவையான காட்சியை எழுத வேண்டாம். அவர் வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்பதை, மருமகளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்வதை எழுதுங்கள். அவருக்கென்று இழுத்துப் பேசும் சொல்லும் சாபமும் பட்டப்பெயரும் அதில் வந்துவிடும். கதைக்குள் அந்தப் பகுதி வராது, ஆனால் அந்த நாக்கு வரும்.

நான்கைந்து பேர் சேர்ந்து எழுதுவதானால் இன்னும் நல்லது. ஆசிரியர் என்று ஒருவர் வேண்டாம். எல்லாரும் ஒரே அறையில் பத்து நிமிடம் எழுதிவிட்டு, விருப்பமுள்ளவர் மட்டும் சத்தமாகப் படிக்கட்டும். கேட்கிறவர்கள் நன்றாக இருக்கிறது, சரியில்லை என்று எதுவும் சொல்லக் கூடாது. காதில் ஒட்டிக்கொண்ட சொல்லையோ வரியையோ திருப்பிச் சொன்னால் போதும். எல்போ தன் வகுப்புகளுக்குச் சொன்ன முறை இது. படித்தவருக்கு இதைவிடப் பயனுள்ள விமர்சனம் ஆரம்பத்தில் கிடைக்காது, ஏனென்றால் தன் எழுத்தில் எந்த இடம் மற்றவர்களைப் போய்ச் சேர்ந்தது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. குறைகளை எடுத்துச் சொல்வதை, ஒருவரை ஒருவர் நன்றாகப் பழகிய பிறகு, திருத்தி முடித்த பிரதிகளை வைத்துக்கொண்டு செய்துகொள்ளலாம்.